எல்லைப்புறத்தில் குரல்வாசிப்பு: காரோட்டுப் பகுதியும் குறுநூல் தேர்வும்

தமிழில் ‘வாசித்தல்’ என்னும் வினை ஒலியைத் தன்னுள் கொண்டது. ஏட்டை வாசிப்பர், நாகசுரத்தையும் வாசிப்பர். மலையாளத்தில் ‘வாயிக்குக’ என்பதும் இவ்விரு பொருளையும் தாங்கி நிற்கிறது. தென்மாவட்டப் பேச்சுவழக்கில் ‘பாட்டுப் படித்தல்’ என்றால் பாடுதல் என்பதே பொருள். அய்யாவழி வழிபாட்டில் இடம்பெறும் ‘உகப்படிப்பு’, ‘உச்சிப்படிப்பு’ என்னும் பெயர்களிலும் ‘படிப்பு’ என்பது குரலெடுத்து ஓதுதலையே குறிக்கிறது. கண்ணால் மட்டும் நூலை உணரும் பழக்கம் பிற்பட்டது என்பதற்கு இச்சொற்கள் சான்றாகின்றன. பலர் கூடியிருக்க ஒருவர் வாசிக்கும் மரபிலிருந்து, தனித்து மௌனமாக வாசிக்கும் பழக்கத்துக்குத் தமிழ்ச் சமூகம் நகர்ந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ (2002) என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார்.

இம்மாற்றத்தின் விளைவு எல்லா இடங்களிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே மொழியும் ஒரே எழுத்தும் வழங்கும் இடத்தில், மௌன வாசிப்பினால் நூல் எவரையும் விட்டு அகல்வதில்லை. எழுத்தறிந்தோர் அனைவரும் அதனைத் தாமே படித்துக்கொள்வர். இருமொழியும் இரண்டு எழுத்தும் சந்திக்கும் எல்லைப்புறத்தில் நிலைமை வேறு. அங்கே நூல் கண்ணுக்கு மட்டும் உரியதாகும்போது அம்மொழியைப் பேசுவோருள் ஒரு பகுதியினர் அதனை இழக்கின்றனர். கேரள மாநிலத்தின் தென்கோடியில் நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த காரோடு, பாறசாலைப் பகுதியை முன்வைத்து, வீட்டுக்கு வெளியே பலர் கூடி வாசிக்கத்தக்க சிறிய நூல்கள் எவ்வாறு அமைந்து வந்தன, அவற்றைத் தேர்வதற்கு அவ்வரலாறு தரும் அளவைகள் யாவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

எல்லையும் எழுத்தும்

காரோடு கேரளத்தின் எல்லை ஊராட்சி. திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலைப் புறவழி இங்கு வந்து முடிகிறது. எல்லைக்கு அப்பால் விளவங்கோட்டுப் பகுதியும் களியக்காவிளைச் சந்தையும் உள்ளன. மேற்கே பொழியூரும் பூவாரும் கடலையொட்டியவை. பூவாரில் நெய்யாறு கடலோடு கலக்கிறது. சந்தை, திருமணம், திருவிழா, மருத்துவம் ஆகிய அனைத்திலும் இருபுறத்து மக்களும் கலந்து வாழ்பவர்கள்.

1956 நவம்பர் 1ஆம் நாள் வரை இந்நிலப்பரப்பு முழுவதும் முதலில் திருவிதாங்கூராகவும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியாகவும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு தமிழ்நாட்டுடன் இணைக்கக் கோரிய பகுதிகளுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துடன் இணைந்தன, செங்கோட்டையும் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு வகுக்கப்பட்டபோது பேச்சுமொழி ஒரே நாளில் மாறிவிடவில்லை. மாறியது பள்ளிக்கூடத்தின் திசையே. மேற்குப்புறத்தில் மலையாள எழுத்தும் கிழக்குப்புறத்தில் தமிழ் எழுத்தும் அடுத்த தலைமுறையின் எழுத்துகளாயின.

இதன் விளைவு மொழியியலார் கருதத்தக்கது. மலையாளவழிப் பள்ளியில் பயிலும் தமிழ்க் குடும்பத்துக் குழந்தை பாட்டியின் கதையைத் தடையின்றிக் கேட்டு உணரும். அதே கதை தமிழெழுத்தில் அச்சாகி வந்தால் அதனைப் படிக்க இயலாது. கேட்டல் திறனும் வாசிப்புத் திறனும் இங்கே இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. எல்லைக்கு இப்பால் மலையாளத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் தமிழ் மாணவரின் நிலையும் இதுவே. இப்பிளவை இணைக்கும் எளிய வழி குரல்வாசிப்பு ஆகும். குழுவில் ஒருவருக்கு எழுத்துத் தெரிந்தால் போதும். நூல் அனைவருக்கும் உரியதாகிவிடும்.

ஏடும் பின்பாட்டும்

அச்சுக்கு முன்னர் இப்பகுதியில் நூல் என்பது ஏடாகவும் பாட்டாகவும் ஒருங்கே வழங்கியது. வில்லுப்பாட்டு இதற்குச் சிறந்த சான்று. தென்திருவிதாங்கூரிலும் திருநெல்வேலியிலும் கோயில் கொடைகளில் நிகழ்த்தப்படும் இக்கலை முற்றிலும் வாய்மொழி சார்ந்ததன்று. எழுதப்பட்ட பனுவலோடு அது கொண்டுள்ள உறவை ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாகக் காட்டியுள்ளார். முதற்பாடகர் ஒரு தொடரைப் பாட, பின்பாட்டுக்காரர் அதனை வாங்கித் திருப்பிச் சொல்வர். கேட்போர் ஒரு சொல்லை முதல் தடவையில் தவறவிட்டாலும் இரண்டாம் தடவையில் பிடித்துக்கொள்வர். திறந்தவெளியில், உடுக்கை, குடம், கூட்டத்தின் சலசலப்பு ஆகியவற்றுக்கு நடுவே பனுவல் செவியைச் சென்றடைவதற்கு இவ்வமைப்பு துணைநின்றது.

இந்நிலப்பகுதியில் வழங்கிய கதைப்பாடல்களின் மொழி மற்றொரு செய்தியைத் தருகிறது. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் படையோடு கணியாகுளத்தில் நிகழ்ந்த போரைப் பாடும் இரவிக்குட்டிப்பிள்ளை போர் தமிழ்க் கதைப்பாடலாகவும், மலையாளத்தில் ‘தெக்கன் பாட்டு’ எனப்படும் வகையைச் சேர்ந்ததாகவும் இருமொழி இலக்கிய வரலாறுகளிலும் இடம்பெறுகிறது. நா. வானமாமலை பதிப்பித்த ‘ஐவர் ராசாக்கள் கதை’ (1974) போன்ற கதைப்பாடல்களும் தென்பாண்டி நாட்டையும் வேணாட்டையும் ஒருசேரக் கேட்போர் நிலமாகக் கொண்ட மரபைச் சார்ந்தவை. இப்பாடல்களின் கலப்புமொழியைப் பிழை என்று கொள்வது பொருந்தாது. இருவகைக் கேட்போரும் ஒரே திடலில் அமர்ந்திருக்கும்போது, இருவருக்கும் செல்லும் சொல்லைத் தேர்ந்து அமைத்ததன் விளைவே அம்மொழி எனலாம்.

நீளமும் இம்மரபில் கருதப்பட்டது. 1841இல் எழுதப்பட்டதாகக் கொள்ளப்படும் அகிலத்திரட்டு அம்மானை பெரிய நூல். சாமித்தோப்பில் நடைபெறும் திருஏடு வாசிப்பில் அது 17 நாட்களுக்குப் பகுக்கப்படுகிறது. அதன் வாசிப்புக்கு நிலையான இடமும், நாள்தோறும் மீண்டு வரும் கேட்போரும் தேவை. மேலே குறிப்பிட்ட படிப்புகளோ ஓர் அமர்வில் முடிவன. மனப்பாடமாக எங்கும் எடுத்துச் செல்லத்தக்கவை. ஒரே சமூகம் நிலையான வாசிப்புக்கு நெடுநூலையும் அன்றாட வாசிப்புக்குக் குறும்பனுவலையும் வகுத்துக்கொண்டது. பயணத்துக்குரிய நூல் எது என்னும் வினாவுக்கு இப்பகுப்பிலேயே விடையின் தொடக்கம் உள்ளது.

அச்சுக் குறுநூல்கள்

அச்சு வந்தபின்னும் நெடுங்காலம் குரல் விலகவில்லை. ரிங்கல்தௌபே 1806இல் தென்திருவிதாங்கூரில் தொடங்கிய சீர்திருத்தச் சபைப் பணியை, 1810களின் இறுதியில் வந்த சார்லஸ் மீட் தொடர்ந்தார். அவர் நாகர்கோவிலில் நிறுவிய அச்சகம் 1820களின் தொடக்கம் முதல் இயங்கியது. இலண்டன் மிஷன் தன் தென்பகுதி நிலையங்களில் தமிழையும், திருவனந்தபுரம், கொல்லம் பகுதிகளில் மலையாளத்தையும் பயன்படுத்தியது. இவ்விரண்டுக்கும் நடுவே பாறசாலை நிலையம் அமைந்தது. அங்குப் பணியாற்றிய ஜான் ஆப்ஸ் 1870இலும் சாமுவேல் மெட்டீர் 1871, 1883ஆம் ஆண்டுகளிலும் வெளியிட்ட நூல்கள் அக்காலத் திருவிதாங்கூர் வாழ்க்கையை அறிய இன்றும் பயன்படுகின்றன.

மிஷன் வெளியீடுகளுள் துண்டுப்பிரசுரங்கள் குறிப்பிடத்தக்கவை. எழுத்தறிவு மிகக் குறைவாக இருந்த சூழலில் அவை கைக்குக் கை கொடுக்கப்பட்டதோடு, உபதேசியார்களால் வாசித்தும் காட்டப்பட்டன. சந்தை, மரநிழல், சத்திரம் ஆகியவற்றில் கூடும் கேட்போர் நெடுநேரம் நிற்பதில்லை. எனவே ஒரு கருத்து, ஒரு கதை, சில பக்கங்கள் என்னும் வரம்பு தானே உருவாயிற்று. சமய நோக்கினின்று பிரித்துப் பார்த்தால், வெளியிடத்துக் குரல்வாசிப்புக்கென்றே திட்டமிட்டு ஆக்கப்பட்ட தொடக்ககால அச்சு உரைநடைகளுள் இவற்றைச் சேர்க்கலாம்.

தமிழகத்தின் வணிக அச்சகங்களும் இதே வரம்புக்குள் இயங்கின. சென்னைக் குஜிலிக் கடைகளிலிருந்து வெளிவந்த மலிவுவிலைப் பாட்டுப் புத்தகங்கள் சில பக்கங்களே கொண்டவை. கொலை, வெள்ளம், இரயில் விபத்து போன்ற அண்மை நிகழ்ச்சிகளைப் பாடியவை. விற்பவர் தெருமுனையில் பாடிக் காட்டி விற்றார். வேங்கடாசலபதி இவற்றை ‘முச்சந்தி இலக்கியம்’ (2004) என்னும் பெயரில் ஆராய்ந்துள்ளார். பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் முதலியோர் வெளியிட்ட ‘பெரிய எழுத்து’க் கதைநூல்களின் எழுத்தளவும் வாசிக்கும் சூழலோடு பொருந்துவது. எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும், மங்கிய விளக்கொளியில் பலருக்கு வாசித்துக் காட்டுபவருக்கும் பெரிய எழுத்து உதவியது.

இக்குறுமையை நூலின் குறைபாடாகக் கருதும் போக்கு பிற்காலத்தது. யுனெஸ்கோ 1964இல் புள்ளிவிவரத் தேவைக்காக வகுத்த வரையறைப்படி, மேலட்டை நீங்கலாக 49 பக்கங்களுக்குக் குறையாதது நூல். 5 முதல் 48 பக்கங்கள் வரை உள்ளது சிறுவெளியீடு. எண்ணிக்கைக்குப் பயன்படும் இவ்வரையறையைக் குரல்வாசிப்புக்கு அளவையாகக் கொள்ள இயலாது. ஒரு பக்கத்தை வாசிக்க 2 நிமிடம் என்று கொண்டால் 48 பக்கங்கள் 96 நிமிடத்தில் முடியும். காரோட்டுப் பகுதியில் ஆண்டு முழுவதும் கதிரவன் மறைவது மாலை ஏறத்தாழ 6 மணிக்கும் 6.50க்கும் இடைப்பட்ட வேளையில். பொழியூர்க் கடற்கரையில் நாலரை மணிக்குத் தொடங்கும் வாசிப்பு இருட்டுமுன் முடிய வேண்டுமாயின், புள்ளிவிவரம் நூலென ஏற்காத அச்சிறுவெளியீடே பொருத்தமான நூலாகிறது.

நடைப்பயணமும் நூலக இயக்கமும்

பாறசாலை வாசிப்பு இயக்க வரலாற்றிலும் ஒரு தொடக்கப் புள்ளியாக விளங்குகிறது. பி. என். பணிக்கர் முன்னின்று 1945இல் அம்பலப்புழையில் தொடங்கிய திருவிதாங்கூர் நூலகச் சங்கம் பின்னர்க் கேரள நூலகச் சங்கமாக வளர்ந்தது. அதன் வெள்ளிவிழாவையொட்டி 1970ஆம் ஆண்டின் இறுதியில் பாறசாலையிலிருந்து காசர்கோடு வரை நடைப்பயணம் நடத்தப்பட்டது. ‘வாசித்து வளர்க’ என்பது அவ்வியக்கத்தின் முழக்கம். நூலைப் பற்றிய பேச்சு கட்டடத்தை விட்டு வெளியேறிச் சாலையோரக் கூட்டங்களை அடைந்தது பெரும் சாதனை. எனினும் அம்முழக்கம் மலையாளத்தில் எழுந்தது. நூலக அடுக்குகளை நிறைத்தவையும் பெரும்பாலும் மலையாள நூல்களே. பயணம் புறப்பட்ட ஊரிலேயே, கேட்டால் புரியும் மொழியொன்று படிக்க இயலாத எழுத்தில் அடைபட்டிருந்தது என்பது கவனத்துக்குரியது.

தமிழ்நாட்டில் 1990களின் அறிவொளி இயக்கம் புதிதாக எழுத்தறிந்தோருக்கெனச் சிறு கதைநூல்களை வெளியிட்டது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அவ்வியக்கம் செயற்பட்ட முறையைப் பிரான்சிஸ் கோடி 2013இல் வெளியான தம் ஆய்வில் பதிவு செய்துள்ளார். தெருவிளக்கின் கீழும் திண்ணையிலும் நிகழ்ந்த அவ்வகுப்புகளில் வாசிப்பு கூட்டுச் செயலாக நிகழ்ந்தது. மௌன வாசிப்பு வேரூன்றிய காலத்திலும் குழுவாசிப்புக்குரிய குறுநூலின் தேவை தீரவில்லை என்பதை இது காட்டுகிறது.

தேர்வின் அளவைகள்

மேற்கண்ட வரலாற்றினின்று, எல்லைப்புறத்து நண்பர் குழுவொன்று வெளியிடத்தில் வாசிக்க எடுத்துச் செல்லும் நூலுக்கு மூன்று அளவைகளை வகுக்கலாம்.

முதலாவது, அமர்வின் அளவு. நூல் ஓர் அமர்வில் முடிய வேண்டும். அல்லது தானே நிறைவுபெறும் பகுதிகளாகப் பிரிய வேண்டும். ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) குமரிமாவட்டப் பனைத்தொழிலாளர் வாழ்க்கையை அவ்வட்டாரப் பேச்சோடு தருவது. காரோட்டுச் செவிக்கு மிக நெருக்கமானது. ஆயினும் ஒரு மாலையில் முடியாது. பல அமர்வுகள் வேண்டும். தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988) நூலுக்கும் இது பொருந்தும். மலையாளவழிக் கல்வி பெற்றுத் தமிழில் எழுதியவர் மீரான் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. வைக்கம் முகம்மது பஷீரின் ‘மதில்கள்’ (1965) ஓர் அமர்வுக்குள் அடங்குவது. சுகுமாரன் அதனைத் தமிழாக்கியுள்ளார். சிறைமதிலுக்கு அப்பாலிருந்து வரும் பெண்ணின் குரலை மட்டுமே கேட்டு வளரும் கதை அது. கேட்போரும் கதைமாந்தரைப் போலவே குரலொன்றையே பற்றி நிற்பதால், குரல்வாசிப்பில் அதன் ஆற்றல் கூடுகிறது.

இரண்டாவது, தொடரின் அளவு. தமிழிலும் மலையாளத்திலும் வினைமுற்று தொடரிறுதியில் நிற்கிறது. பெயரெச்சத் தொடர் தான் தழுவும் பெயருக்கு முன்னே வருகிறது. தொடர் நீளும்போது கேட்பவர் முழுவதையும் நினைவில் தாங்கி இறுதிச் சொல்லுக்குக் காத்திருக்க வேண்டும். கண் பின்னோக்கிச் சென்று மீளும். செவிக்கு அவ்வாய்ப்பு இல்லை. இரு மொழிகளின் சொல்வரிசையும் ஒத்திருப்பதால், மலையாளத்தின் நெடுந்தொடரை அப்படியே தமிழில் இறக்கிவைக்கும் எண்ணம் மொழிபெயர்ப்பாளருக்கு எழுவது இயல்பு. தாளில் அது குறையாகத் தோன்றாது. அலையோசைக்கு நடுவே வாசிக்கும்போது குறை வெளிப்படும்.

வினைவிகுதி வேற்றுமை இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. மலையாள வினைமுற்றில் திணை, பால், எண் விகுதிகள் வழங்குவதில்லை. ‘வந்நு’ என்பது அவனுக்கும் அவளுக்கும் அவர்களுக்கும் பொது. தமிழில் ‘வந்தான், வந்தாள், வந்தார்’ எனப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். ஒருவரை ஒருமையில் சுட்டுவதா மதிப்புப்பன்மையில் சுட்டுவதா என்பதை ஒவ்வொரு வினையிலும் தமிழாக்குநர் முடிவுசெய்கிறார். குரல்வாசிப்பில் இது ஒரு பயனாகவும் அமைகிறது. பெயரைத் திரும்பக் கூறாமலே செய்தவர் யார் என்பதை விகுதி காட்டிவிடுகிறது.

மூன்றாவது, சொல்லின் பொதுமை. இருமொழியிலும் ஒரே ஒலியுடைய சொற்கள் வெவ்வேறு பொருளில் வழங்குவது நன்கறிந்தது. ‘வெள்ளம்’ தமிழில் பெருகிவரும் நீர். மலையாளத்தில் குடிநீரும் வெள்ளமே. ‘அவசரம்’ தமிழில் விரைவு, மலையாளத்தில் வாய்ப்பு. ‘சம்சாரம்’ தமிழ்ப் பேச்சில் மனைவி, மலையாளத்தில் பேச்சு. ‘பட்டி’ தமிழில் தொழுவம் அல்லது சிற்றூர்; மலையாளத்தில் நாய். “அவருக்குச் சம்சாரம் இல்லை” என்று வாசிக்கப்படும்போது, குழுவில் ஒரு பகுதியினர் மனைவியை இழந்தவரையும் மற்றொரு பகுதியினர் பேச்சிழந்தவரையும் எண்ணிக்கொள்ளக்கூடும். தனித்துப் படிப்பவரிடம் இம்மயக்கம் வெளித்தெரியாமல் மறைந்துவிடும். கூட்டத்தில் அது துயரமான கட்டத்தில் எழும் சிரிப்பாக வெளிப்படும். வாசிப்பவர் உடனே நிறுத்தி விளக்குவார். பொருள்மயக்கம் எங்கே உள்ளது என்பதை இவ்வளவு விரைவாகக் காட்டும் வேறு சோதனை அரிது.

நடைத்தேர்வும் இவ்வளவையைச் சார்ந்ததே. பேச்சுத்தமிழே எளிது, எழுத்துத்தமிழ் கடினம் என்னும் பொதுக்கருத்து இங்குத் திருத்தம் பெறுகிறது. ‘அவன்’, ‘மரம்’, ‘வீட்டில்’ என்னும் எழுத்துவழக்கு வடிவங்கள் ஈற்று மெய்யை முழுமையாக ஒலிப்பவை. மலையாள வடிவங்களும் அவ்வாறே. தமிழகத்தின் பல வட்டாரப் பேச்சுகளில் ஈற்று மூக்கொலி தேய்ந்து உயிர் மட்டும் மூக்கினம் பெறுகிறது. ‘வீட்டில்’ என்பது ‘வீட்ல’ ஆகிறது. ஆகவே மலையாளவழி பயின்ற செவிக்குச் சென்னைப் பேச்சுத்தமிழைவிட, எளிய எழுத்துநடை தெளிவாகப் புரியும். குமரிமாவட்டப் பேச்சு நெருங்கிய வழக்கு என்ற முறையில் புரியும். நண்பர் குழுவுக்கு நூல் தேரும்போது பதிப்புரையில் ‘எளிய நடை’ என்று இருப்பதைக் கொண்டு முடிவுசெய்வது போதாது. யாருக்கு எளிது என்பதையும் கேட்டாக வேண்டும்.

முடிவுரை

பனையோலை ஏடு, துண்டுப்பிரசுரம், முச்சந்திப் பாட்டு, அறிவொளிக் கதைநூல் ஆகிய நான்கும் வெவ்வேறு நோக்கில் எழுந்தவை. வெளியிடத்தில், நிலையில்லாத ஒளியில், பல்வகைக் கேட்போர் முன்னிலையில் வாசிக்கப்படுதல் என்னும் ஒரே சூழல் அவற்றுக்கு ஒத்த வடிவத்தை அளித்தது. காரோடு போன்ற எல்லை ஊர்களில் அச்சூழலின் தேவை இன்றும் உள்ளது. அங்குள்ள தமிழ்க் குடும்பத்தின் இளைய தலைமுறைக்குத் தமிழ்நூல் சென்றடையும் வழிகளுள் எழுத்துப் பயிற்சி நெடிது, குரல் உடனடியானது. செவிவழியாக நூலை விரும்பிய பின்னரே எழுத்தைக் கற்கும் விருப்பமும் எழக்கூடும்.

மொழிபெயர்ப்பாளருக்கும் இதில் நடைமுறைப் பயன் உண்டு. தமிழ்-மலையாள மொழிபெயர்ப்பு அச்சேறுமுன், இருமொழியாரும் கலந்த சிறு குழுவொன்றில் அதனைக் குரலெடுத்து வாசித்தல் நன்று. வாசிப்பவருக்கு மூச்சு முட்டும் தொடரும், கேட்போர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் சொல்லும் கையெழுத்துப்படியில் குறிக்கப்பட வேண்டும். அவ்விடங்களே திருத்தத்துக்கு உரியவை.